ஒரே டிராயரில் ரெண்டு குருவி

பதிவு எழுதி ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகப் போகுது. கடையை மூடிட்டு ஓடிட்டான்னு நினைச்சிருப்பீங்க. இல்லை மக்களே, ஷட்டரைப் பாதி இறக்கி வச்சிருந்தேன், அவ்வளவுதான். இன்னைக்கு மறுபடி திறக்கக் காரணம் ஒரு குருவி. சரியாச் சொன்னா ரெண்டு குருவி. அதைவிடச் சரியாச் சொன்னா எங்க பெரியம்மாவோட பால்கணக்கு நோட்டு.

வரிசையா வரேன். கொஞ்சம் நீளம், காப்பி எடுத்துட்டு வந்து உக்காருங்க.

போன மார்கழியில ஒரு ஞாயித்துக்கிழமை. லஸ் நாகேஸ்வர ராவ் பார்க்குல வழக்கம்போல நாலு சுத்து. மூணாவது சுத்துல புதருக்குள்ளேர்ந்து 'டக்... டக்...'னு ஒரு சத்தம். ரெண்டு கூழாங்கல்லை லேசா தட்டினா வருமே, அந்த மாதிரி. நின்னு பாத்தேன். இலைகளுக்கு நடுவுல ஒரு சின்னக் குருவி. முதுகு மங்கின பழுப்பு, அடிவயிறு அழுக்கு வெள்ளை, அலகுலேர்ந்து கண்ணு வரைக்கும் மெல்லிசா ஒரு வெளிர்க்கோடு. அவ்வளவுதான் அடையாளம். கோடும் புள்ளியும் பட்டையும் ஒண்ணும் கிடையாது. கடவுள் பெயின்ட் தீர்ந்துபோன நேரத்துல படைச்ச மாதிரி ஒரு பறவை.

செல்போனை எடுத்தேன். 'பிளித் நாணல் கதிர்க்குருவி - 1' அப்படின்னு இ-பேர்ட்ல போட்டேன். பத்து செகண்ட் வேலை. செப்டம்பர்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும் மெட்ராஸ்ல எந்தப் புதர்லேர்ந்து 'டக்' கேட்டாலும் நான் இதைத்தான் போடுறேன். வருஷக்கணக்கா இதே கதைதான். பாதி நாள் குருவி மூஞ்சியைக்கூடப் பாக்கிறதில்லை.

அன்னைக்கு வீட்டுக்கு வந்தா தங்கமணி பரணைச் சுத்தம் பண்ணிட்டிருந்தாங்க. "இது யாரோட நோட்டு பாருங்க, தூக்கிப் போடவா?"ன்னு ஒரு நீள சைஸ் கணக்கு நோட்டை நீட்டினாங்க. பின் அட்டையிலேர்ந்து பெரியம்மா கையெழுத்துல பால் கணக்கு, அரை லிட்டர், ஒரு லிட்டர்னு. முன் அட்டையிலேர்ந்து பெரியப்பா கையெழுத்து.

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும், பொறுத்துக்கோங்க.

பெரியப்பா ஒரு பேங்க்ல குமாஸ்தா. கச்சேரி ரோட்டுக்குப் பக்கத்துச் சந்துல குடியிருந்தோம். மூர் மார்க்கெட்ல செகண்ட் ஹேண்டா வாங்கின ஒரு பைனாகுலர் வச்சிருந்தார். ஒரு பக்கம் கண்ணாடியில பூஞ்சை பிடிச்சிருக்கும், அதனால ஒத்தைக் கண்ணை மூடிட்டுத்தான் பாப்பார். ஞாயித்துக்கிழமை விடியக்காலைல சைக்கிள்ல அடையாறு கழிமுகம், உடைஞ்ச பாலம், சில நாள் கிண்டிப் பக்கம். திரும்பி வந்து நோட்டுல எழுதுவார். தேதி, இடம், பறவை, அப்புறம் ஒரு வரி குறிப்பு. இருபது வருஷத்துக்கு மேல எழுதினார். வீட்ல யாரும் மதிச்சதில்லை, நான் உள்பட. "குருவிக்கு ஹாஜர் எடுக்கிறார்"னு கிண்டல் பண்ணுவோம்.

அவர் 1999ல போயிட்டார். அடுத்த வருஷம் சந்து வீட்டைக் காலி பண்ணிட்டு அடையாறுல ஃபிளாட்டுக்கு வந்தோம். இருபது நோட்டுக்கு மேல இருந்தது. பழைய குமுதம், விகடனோட சேத்துக் கட்டி நான்தான் பழைய பேப்பர் கடையில போட்டேன். தராசுல நானே தூக்கி வச்சேன். அதுல கிடைச்ச காசுல சரவண பவன்ல டிபன் சாப்பிட்டது கூட ஞாபகம் இருக்கு. தப்பினது இந்த ஒரு நோட்டு மட்டும். பால் கணக்கு இருந்ததால பெரியம்மா எடுத்து வச்சுக்கிட்டாங்க போல.

அந்த நோட்டுல 1979 ஜனவரியில ஒரு பதிவு: 'கழிமுகம், முள்ளுப் புதர். பிளித் மாதிரி. அலகு நீளமாகத் தெரிகிறது. உறுதியில்லை.' பக்கத்துல பெருசா ஒரு கேள்விக்குறி.

அந்தக் கேள்விக்குறி என்னை ரெண்டு மாசம் தூங்க விடலை. ஏன்னு புரியணும்னா ஒரு 150 வருஷம் பின்னாடி போகணும்.

முதல் குருவி

எட்வர்ட் பிளித்னு ஒருத்தர். லண்டன்ல மருந்துக்கடை வச்சு நஷ்டப்பட்டவர். கடையைக் கவனிக்காம பூச்சி, பறவைன்னு சுத்தினா வேற என்ன ஆகும்? 1841ல கல்கத்தாவுக்கு வந்து ஆசியாட்டிக் சொசைட்டி மியூசியத்துல காப்பாளரா சேர்ந்தார். இருபது வருஷம் அங்கேயே குப்பை கொட்டினார். சம்பளம் உயரலைன்னு அவர் புலம்பினதெல்லாம் வரலாற்றுல இருக்கு (நம்ம ஆளு!). நாட்டோட நாலா பக்கத்துலேர்ந்தும் பறவைத் தோல் அவருக்கு வந்துக்கிட்டே இருக்கும். அதுல ஒண்ணு இந்த மங்கின குருவி. 1849ல சொசைட்டியோட பத்திரிகையில அதுக்குப் பேர் வச்சார், அக்ரோசெஃபாலஸ் டுமெட்டோரம்னு. 'டுமெட்டோரம்'னா புதர்களுக்குரியதுன்னு அர்த்தம்.

பாருங்க, அந்த ஆள் சரியாத்தான் சொல்லியிருக்கார், புதர்க்குருவின்னு. இங்கிலீஷ் பேர்லதான் நாணலைச் சேத்துட்டாங்க, அதைத் தமிழ்லயும் நாம அப்படியே எடுத்துக்கிட்டோம். நாணலே இல்லாத லஸ்ல நாணல் கதிர்க்குருவி இருக்கிற ரகசியம் இதுதான். பின்லாந்துலேர்ந்து மத்திய ஆசியா வரைக்கும் கோடையில கூடு கட்டும், குளிருக்கு இந்தியா, இலங்கைன்னு வந்துடும். அங்கே ராத்திரி முழுக்கப் பாடுமாம், மத்த பறவைங்க குரலையெல்லாம் மிமிக்ரி பண்ணி, ஒவ்வொரு சங்கதியையும் நாலஞ்சு தடவை திருப்பித் திருப்பி. டிசம்பர் சீசனுக்குச் சரியா நம்ம ஊருக்கு வருது, ஆனா இங்க வந்து கச்சேரி பண்ணாம 'டக்'கோட நிறுத்திக்குது.

இடைச்செருகலா ஒரு மெட்ராஸ் விஷயம். இதுக்கு நாலு வருஷம் முன்னாடி, 1845ல, இதே குடும்பத்துல இன்னொரு குருவிக்குப் பேர் வச்சவர் ஜெர்டன், மெட்ராஸ் ராணுவ டாக்டர். அவர் பாத்தது நெல்லூர்ல. அறிவிச்சது மதராஸ் லிட்டரரி சொசைட்டியோட பத்திரிகையில. அந்த சொசைட்டி லைப்ரரி நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்ல இன்னும் இருக்கு. அந்தக் குருவிதான் வயல் கதிர்க்குருவி. இந்த மங்கின குருவிக் குடும்பத்தைப் பிரிச்சு மேய்ஞ்சதுல நம்ம ஊருக்கும் ஒரு பங்கு உண்டுன்னு சொல்லத்தான் இது.

ரெண்டாவது குருவி

இப்ப ஹீரோ என்ட்ரி. ஆலன் ஆக்டேவியன் ஹியூம். பேரைக் கேட்டதும் ஸ்கூல் சரித்திரப் புத்தகம் ஞாபகம் வரணுமே? அதே ஹியூம்தான். 1885ல பம்பாய்ல 72 பேரைக் கூட்டி காங்கிரஸ் ஆரம்பிச்சதுல முக்கியப் பங்கு உள்ளவர். எக்ஸாம்ல ரெண்டு மார்க் கேள்விக்கு எழுதியிருப்போம். ஆனா அந்த ஆளுக்குப் பறவைப் பைத்தியம் தலைக்கேறியிருந்தது நமக்கு யாரும் சொல்லிக் கொடுக்கலை. சிம்லாவுல ராத்னி காஸில்னு ஒரு மாளிகையை வாங்கி, அதுக்குள்ள பறவைகளுக்குத் தனி மியூசியமே வச்சிருந்தார். 'ஸ்ட்ரே ஃபெதர்ஸ்'னு, அதாவது உதிர்ந்த இறகுகள்னு, ஒரு பத்திரிகை நடத்தினார். நாடு முழுக்க இருந்த கலெக்டர், டாக்டர், ரயில்வே இன்ஜினியர் எல்லாரும் அவருக்குப் பறவைக் குறிப்பு அனுப்புவாங்க. அந்தக் காலத்துத் திரட்டின்னு வச்சுக்கோங்களேன்!

1867 நவம்பர் 13. இன்னைய ஹிமாச்சலப் பிரதேசத்துல, சட்லெஜ் பள்ளத்தாக்குல, ராம்பூருக்குப் பக்கத்துல ஹியூம் ஒரு சின்னக் குருவியைச் சேகரிச்சார். அதாவது சுட்டார். அப்ப அதுதான் வழக்கம். பிளித் மாதிரியே இருக்கு, ஆனா அலகு கொஞ்சம் நீளம். 1869ல புது இனம்னு அறிவிச்சு, 'பெரிய அலகு'ன்னு அர்த்தம் வர்ற ஒரு பேரும் வச்சார்.

அந்தப் பேர் நிலைக்கலை. வேற பறவைக்கு அதே பேர் முன்னாடியே இருந்ததால, 1905ல ஓபர்ஹோல்சர்ங்கிற அமெரிக்கர் 'ஒரைனஸ்'னு மாத்தினார். மலைக்குரியதுன்னு அர்த்தம். இமயமலைப் பக்கம் கிடைச்சதால அப்படி. இந்தப் பேரை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில வேலை இருக்கு.

ஹியூமுக்கு அப்புறம் அந்தக் குருவியை யாரும் பாக்கலை. ஒருத்தரும். உலகத்துல மொத்தமே அந்த ஒரே ஒரு உடம்புதான் ஆதாரம். கோளாறு என்னன்னா, ஒரே ஒரு உடம்பை வச்சு இனம்னு சொல்றது கஷ்டம். ஆறு விரலோட ஒரு மனுஷன் இருந்தா அவர் தனி ஜாதியா என்ன? நாள் ஆக ஆக அறிஞர்களுக்குச் சந்தேகம் வந்தது. ஏதோ ஒரு தெரிஞ்ச இனத்துல கொஞ்சம் வித்தியாசமாப் பொறந்த குருவியா இருக்கும், இல்லேன்னா கலப்பா இருக்கும்னு ஒதுக்கி வச்சாங்க. பறவைப் புத்தகங்கள்ல அது ஒரு அடிக்குறிப்பா சுருங்கிப் போச்சு.

மயிலாப்பூர், அடையாறு, பேப்பர் கடை

ஹியூம் கதையில நம்ம ஏரியாவும் வருது. அவருக்கு தியசாபிகல் சொசைட்டி மேல ஈடுபாடு வந்தது, 1881ல சிம்லா கிளைக்குத் தலைவராவும் இருந்தார். பிளாவட்ஸ்கி அம்மாவும் ஆல்காட்டும் 1882 டிசம்பர்ல தலைமையகத்தை அடையாறுக்குக் கொண்டுவந்தாங்க. அதுக்கப்புறம் சீக்கிரமே ஹியூமுக்கும் அந்த அம்மாவுக்கும் முட்டிக்கிட்டு அவர் விலகிட்டார். ஆனா அங்கே பிடிச்ச ஒண்ணு அவரை விடலை. சைவத்துக்கு மாறினார், பறவையைச் சுடறதை நிறுத்தினார்.

1884 டிசம்பர்ல அடையாறு மாநாடு முடிஞ்சதும் மயிலாப்பூர்ல திவான் பகதூர் ரகுநாத ராவ் வீட்ல 17 பேர் கூடிப் பேசினாங்க, காங்கிரஸோட விதை அங்கதான் விழுந்ததுன்னு அன்னி பெசன்ட் 1915ல எழுதினார். அது எவ்வளவு தூரம் சரின்னு சரித்திர ஆசிரியர்கள் இன்னும் சண்டை போடுறாங்க, நாம அதுக்குள்ள போக வேண்டாம். 1887ல மூணாவது காங்கிரஸ் மாநாடு ஆயிரம் விளக்குப் பக்கம் மக்கீஸ் கார்டன்ல நடந்தப்ப ஹியூம்தான் பொதுச் செயலாளர். அதுல சந்தேகம் இல்லை.

இப்ப நான் சொல்ல வந்த இடம். ஹியூம் இந்தியப் பறவைகள் பத்தி ஒரு மாபெரும் புத்தகம் எழுதணும்னு இருபத்தஞ்சு வருஷமா குறிப்பு சேத்து வச்சிருந்தார். ஒரு குளிர்காலம் சிம்லாவை விட்டுக் கீழே போயிட்டுத் திரும்பி வந்து பாத்தா கையெழுத்துப் பிரதிகளைக் காணோம். வேலையை விட்டு நீக்கின ஒரு ஆள் அத்தனையையும் எடுத்துப் போய் பஜார்ல பழைய பேப்பரா வித்துட்டார்!

இதைப் படிச்சப்ப எனக்கு வேர்த்துடுச்சு. சத்தியமா. அந்தத் தராசு, அந்தத் தாம்புக்கயிறு, 'எல்லாம் சேத்து எவ்வளவு வரும்ப்பா'ன்னு கேட்ட என் குரல். சிம்லா ஆளாவது கோவத்துல பண்ணினான். நான் எந்தக் கோவமும் இல்லாம, டிபனுக்குப் பண்ணினேன்.

ஹியூம் அத்தோட உடைஞ்சு போனார். புத்தகம் எழுதற ஆசையே போச்சு. சேத்து வச்ச தோல், முட்டை எல்லாத்தையும், ஏறத்தாழ 80,000 உருப்படி, 1885ல பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்துட்டார். லண்டன்லேர்ந்து பௌட்லர் ஷார்ப்னு ஒரு அதிகாரி நேர்ல வந்து பெட்டி பெட்டியா அடுக்கிக் கப்பல்ல ஏத்தினார். அதுல ஒரு பெட்டிக்குள்ள, கால்ல சின்னச் சீட்டுக் கட்டின நம்ம சட்லெஜ் குருவியும் போச்சு. குறிப்புகள் பொட்டலம் மடிக்கப் போச்சு, குருவி தப்பிச்சது. ஹியூம் கடைசிக் காலத்துல லண்டன்ல செடி கொடி ஆராய்ச்சின்னு இறங்கி, 1912ல காலமானார்.

139 வருஷம் கழிச்சு

குருவி இங்கிலாந்துல ட்ரிங்ங்கிற ஊர்ல இருக்கிற மியூசியக் கிளையில டிராயருக்குள்ள தூங்கிட்டிருந்தது. 2002ல ஸ்வீடன்காரர் ஸ்டாஃபன் பென்ஷும் டேவிட் பியர்சன்ங்கிறவரும் அதுலேர்ந்து துளியூண்டு எடுத்து மரபணுச் சோதனை பண்ணினாங்க. ரிசல்ட்: இது தனி இனம்தான். பிளித்தோட நெருங்கின சொந்தம், ஆனா பிளித் இல்லை. ஹியூம் சொன்னது சரி.

சரி, தனி இனம். ஆனா உயிரோட இருக்கா? எங்க இருக்கு? அதுக்குப் பதில் யாரும் எதிர்பாக்காத இடத்துலேர்ந்து வந்தது.

2006 மார்ச் 27. தாய்லாந்துல லாம் பாக் பியான்னு ஒரு இடம். பேரைக் கேட்டு ஏதோ அடர்ந்த காடுன்னு நினைச்சுடாதீங்க. சாக்கடைத் தண்ணி சுத்திகரிக்கிற குட்டைங்க! ஃபிலிப் ரவுண்ட்ங்கிற ஆராய்ச்சியாளர் அங்கே மெல்லிய வலை கட்டி, பறவைகளைப் பிடிச்சு, கால்ல வளையம் போட்டு விடற வேலை பண்ணிட்டிருந்தார். வலையில ஒரு கதிர்க்குருவி. பிளித் மாதிரி இருக்கு. ஆனா அலகு நீளமா இருக்கே, ரெக்கை குட்டையா இருக்கேன்னு அவருக்கு உறுத்தல். போட்டோ எடுத்தார், ரெண்டு இறகை மட்டும் பிடுங்கிக்கிட்டுக் குருவியை விட்டுட்டார். இறகு பென்ஷுக்குப் போச்சு. அவர் 1867 குருவியோட ஒப்பிட்டுப் பாத்து அதேதான்னார். 139 வருஷத்துக்கு அப்புறம் உயிரோட முதல் ஒரைனஸ்.

இனிமேதான் எனக்குப் பிடிச்ச பகுதி. விஷயம் வெளியே வந்ததும் ட்ரிங் மியூசியத்துல பிளித் டிராயரைத் திறந்து பாத்தாங்க. உள்ளே பிளித்துங்களோட பிளித்தா ஒரு ஒரைனஸ் படுத்திருந்தது! 1869ல உத்தரப் பிரதேசத்துல சேகரிச்சது. பிளித்னு சீட்டு எழுதி வச்சுட்டாங்க, அப்புறம் யாரும் திருப்பிப் பாக்கலை. 2008ல ஸ்வென்சன், ரஸ்முசன் குழுவினர் பல நாட்டு மியூசியங்களைக் கிளறினதுல இன்னும் பத்து கிடைச்சது. பெரும்பாலும் அதே கதைதான், தப்பான சீட்டு. உலகத்துலயே ஒண்ணுதான்னு நூறு வருஷத்துக்கு மேல சொல்லிட்டிருந்தப்ப, மத்ததெல்லாம் பக்கத்து டிராயர்லயே இருந்திருக்கு.

அந்தப் பத்துல சிலது வடகிழக்கு ஆப்கானிஸ்தான்ல கோடைக்காலத்துல பிடிச்சவை. கோடையில அங்கே இருந்தா கூடு கட்டற இடமும் அங்கதான்? அதே சமயம், 2008ல, ராபர்ட் டிம்மின்ஸ்ங்கிறவர் ஆப்கானிஸ்தானோட வாகான் பள்ளத்தாக்குல வேற வேலையா கணக்கெடுக்கப் போனப்ப, பழக்கமில்லாத பாட்டு ஒண்ணைக் கேட்டுப் பதிவு பண்ணிட்டு வந்தார். அடுத்த வருஷம் வலை கட்டிப் பிடிச்சுப் பாத்தா ஏறக்குறைய இருபது ஒரைனஸ். ஆத்தோர வில்லோ மரங்களும் முள்ளுப் புதரும், 2500 மீட்டருக்கு மேல உயரம். பக்கத்து தஜிகிஸ்தான்லயும் இருக்கிறது தெரியவந்தது. ஓபர்ஹோல்சர் 1905ல 'மலைக்குரியது'ன்னு வச்ச பேர் கடைசியில ரொம்பப் பொருத்தமாப் போச்சு.

அப்ப என்னதான் வித்தியாசம்?

ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சாக்கூட நமக்குத் திணறும். ரெண்டும் சுமார் 13 சென்டிமீட்டர். நிறம் ஏறக்குறைய ஒண்ணு. ரெண்டும் நாணலைவிடப் புதரை விரும்பற ஆளுங்க. படிச்சதைச் சுருக்கமாத் தரேன்:

அலகு: ஒரைனஸுக்கு நீளம் கூட. கீழ் அலகு முழுக்க வெளிர் நிறம். பிளித்துக்குக் கீழ் அலகோட நுனியில கருமை இருக்கும்.

வால்: ஒரைனஸுக்குக் கொஞ்சம் நீளம். வால் இறகுங்களோட நுனி கூர்மையா இருக்கும், ஓரத்து இறகுங்க படிப்படியாக் குட்டையாகும்.

ரெக்கை: ஒரைனஸுக்குக் குட்டை, உருண்டை. இதை வச்சு, இது தூரதேசம் போற பறவையா இருக்காதுன்னு முதல்ல நினைச்சாங்க. கடைசியில பாத்தா வாகான்லேர்ந்து தாய்லாந்து வரைக்கும் போகுது.

நகம்: ஒரைனஸோடது பெருசு.

இதெல்லாம் கையில பிடிச்சு, ஸ்கேல் வச்சு மில்லிமீட்டர் மில்லிமீட்டரா அளக்க வேண்டிய சமாச்சாரம். இலைக்குள்ள தாவுற குருவியில, பூஞ்சை பிடிச்ச பைனாகுலர்ல, ஒத்தைக் கண்ணால பாத்துச் சொல்ல முடியாது.

அதனால ஒண்ணைத் தெளிவாச் சொல்லிடறேன். பெரியப்பா 1979ல ஒரைனஸைப் பாத்தார்னு நான் சொல்ல வரலை. பிளித்லயே அலகு சித்த நீளமா இருக்கிற ஆளுங்க உண்டு. வெளிச்சம், கோணம், எதிர்பார்ப்பு எல்லாம் சேந்து கண்ணை ஏமாத்தும். நூத்துக்குத் தொண்ணூத்தொம்போது அது சாதாரண பிளித்தாத்தான் இருந்திருக்கும்.

என்னைப் படுத்தறது வேற. 1979ல ஒரைனஸ்னு ஒண்ணு உயிரோட இருக்குன்னே உலகத்துக்குத் தெரியாது. அவர்கிட்ட இருந்த புத்தகத்துல அந்தப் பேரே இருந்திருக்காது. 'பிளித்'னு எழுதிட்டுப் போயிருந்தா யாரும் கேட்டிருக்க மாட்டாங்க, நோட்டையே யாரும் படிக்கலையே! அப்பவும் அந்த மனுஷன் 'உறுதியில்லை'ன்னு எழுதியிருக்கார். நான் கையில நல்ல பைனாகுலர், செல்போன், இன்டர்நெட் எல்லாம் வச்சுக்கிட்டு, 'டக்' கேட்டதும் 'பிளித் - 1' தட்டிட்டு நடையைக் கட்டறேன். ட்ரிங்ல தப்பான சீட்டை எழுதினவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

அந்த இருபது நோட்டுல இன்னும் எத்தனை கேள்விக்குறி இருந்திருக்கும்? கழிமுகத்துல அப்ப என்னென்ன வந்தது, எப்ப வராமப் போச்சுன்னு வாராவாரம் எழுதினவர். இப்ப அந்த ஓடையில ஒரு பகுதி 2011ல திறந்த தொல்காப்பியப் பூங்கா. தெற்கே பள்ளிக்கரணை சதுப்பு நிலம் குப்பைமேட்டுக்கும் கட்டடங்களுக்கும் நடுவுல மிச்சமிருந்து, 2022ல ராம்சர் பட்டியல்ல சேந்திருக்கு. இங்கெல்லாம் முன்னே என்ன இருந்ததுன்னு யாராவது கேட்டா, கொடுக்க எங்க வீட்ல இருபது நோட்டு இருந்திருக்கணும். பொட்டலம் மடிச்சுப் போயிடுச்சு.

நோட்டைப் பெரியம்மாகிட்ட காட்டினேன். கண்ணு சரியாத் தெரியறதில்லை, வாசிச்சுக் காட்டினேன். கேட்டுட்டு, "அன்னைக்கு வந்து ரெண்டு நாள் அதையேதான்டா சொல்லிட்டிருந்தார், அலகு நீளம், அலகு நீளம்னு. நான்தான் பால்காரன் வந்துட்டான், போய்ப் பாருங்கன்னேன்"னாங்க. அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, "மத்த நோட்டெல்லாம் எங்கடா?"ன்னாங்க.

இருபத்தஞ்சு வருஷமா யாரும் கேக்காத கேள்வி. 'வீடு மாத்தினப்ப தொலைஞ்சு போச்சு'ன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லலை. "நான்தான் பேப்பர் கடையில போட்டேன் பெரியம்மா"ன்னேன். ஒண்ணும் சொல்லலை அவங்க. நோட்டை வாங்கி, பின் அட்டைப் பக்கமாத் திருப்பித் தடவிப் பாத்துட்டு, "அப்ப பால் என்ன விலை இருக்கு பாரு"ன்னாங்க.

மறுநாள் காலைல பார்க்குக்குப் போனேன். அதே புதர், அதே 'டக்'. முக்கால் மணி நேரம் நின்னேன், கழுத்து பிடிச்சுக்கிச்சு. கடைசியில குருவி வெளியே வந்து ஒரு கிளையில மூணு செகண்ட் உக்காந்தது. கீழ் அலகோட நுனி கறுப்பு. பிளித்தேதான். அன்னைக்குப் போட்ட 'பிளித் - 1'ல முதல் தடவையா ஒரு குறிப்பும் சேத்தேன்: கீழ் அலகு நுனி கருமை, பார்த்தது மூன்று செகண்ட்.

அதுக்கப்புறம் மூணு தடவை அலகைப் பாக்க முடியலை. மூணுலயும் 'கதிர்க்குருவி, இனம் உறுதியில்லை'ன்னு போட்டிருக்கேன். பட்டியல் எண்ணிக்கை ஏற மாட்டேங்குது. பரவாயில்லை.

பி.கு.: உங்க வீட்டுப் பரண்ல தாத்தா, சித்தப்பா, அத்தை யாராவது எழுதின நோட்டு கிடந்தா, மழைக்கணக்கு, வைத்தியக் குறிப்பு, செலவுக்கணக்கு எதுவா இருந்தாலும், பேப்பர்காரர் வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவை ரெண்டு பக்கத்து அட்டையிலேர்ந்தும் புரட்டிப் பாருங்க. பால்கணக்கு நோட்டை நான் ஒவ்வொரு பக்கமா போட்டோ எடுத்துட்டேன். பால் கணக்குப் பக்கத்தையும் சேத்துத்தான்.